பி.எஃப். ஒன்று சொல்கிறது, இ.எஸ்.ஐ. ஒன்று சொல்கிறது: எதை எடுப்பது?

நூல்கண்டு:
பின்னலாடைத் தொழிலில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று முதுகலை ஆய்வேட்டுக்காகத் தேடுகிறேன். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) மாதப் பட்டியல், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பட்டியல், ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு (ஏ.எஸ்.ஐ.) மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. மூன்றுமே கம்பெனிகள் கொடுத்த விவரம்தானே? முதல் இரண்டையும் கூட்டிப் பார்த்தேன், இன்னும் மோசம்.

சலான்15:
முதலில் கூட்டுவதை நிறுத்துங்கள் தம்பி. ஒரே ஆள் இரண்டிலும் இருப்பார். புள்ளியியல் அமைச்சகம் மாதாமாதம் விடும் குறிப்பிலேயே கூட்டக்கூடாது என்று போட்டிருக்கும்.

நான் கம்பெனிகளுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணம் கட்டும் சலான் போட்டுத் தருகிறவன். 18 பேர் உள்ள ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ.க்கு 10 பேர் போதும், பி.எஃப்.புக்கு 20 வேண்டும். ஆக ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேனேஜர் இ.எஸ்.ஐ.யிலும் வரமாட்டார். அடுத்த மாதம் இரண்டு டெய்லர் சேர்ந்தால் 20. உடனே அதுவரை பி.எஃப். எண்ணே இல்லாத பழைய ஆட்களும் "புதிய உறுப்பினர்" ஆகிவிடுவார்கள். உண்மையில் கிடைத்த புது வேலை இரண்டுதான்!

நூல்கண்டு:
ஐயோ, அதைத்தான் வேலைவாய்ப்பு வளர்ச்சி என்று எழுதி வைத்திருக்கிறேன். அப்போ ஏ.எஸ்.ஐ.?

மிஷின் ஆயில்:
அதன் கணக்கே வேறு. பி.எஃப். மாத வெளியீடு என்பது சேர்ந்தவரையும் திரும்பி வந்தவரையும் கூட்டி, போனவரைக் கழித்த மிச்சம். ஏ.எஸ்.ஐ. ஒரு நிதியாண்டின் மொத்த ஆள்நாட்களை (ஒரு ஆள் ஒரு நாள் வேலை செய்தால் ஒரு ஆள்நாள்) ஆலை ஓடிய நாட்களால் வகுத்த சராசரி. தண்ணீர்த் தொட்டிக்குள் விழுவதையும் தொட்டியில் இருப்பதையும் ஒப்பிடுகிறீர்கள்.

பெரிய ஓட்டை கான்ட்ராக்ட் ஆட்கள். ஏ.எஸ்.ஐ.யில் அவர்கள் வேலை செய்யும் ஆலையின் கணக்கில் வருவார்கள். பி.எஃப்.பில் கான்ட்ராக்டரின் பி.எஃப். கோட் நம்பரில் போவார்கள். ஆள் அனுப்பும் ஏஜென்சி என்றால் தொழில் பிரிவில் "எக்ஸ்பர்ட் சர்வீசஸ்" (நிபுணர் சேவைகள்) தலைப்புக்குள் போய்விடும். பனியன் தைக்கிறவருக்கு அப்படி ஒரு பட்டம்! வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டும் அக்காமார் எந்தப் பட்டியலிலும் இல்லை.

நூல்கண்டு:
அந்தத் தலைப்பைப் பார்த்தேன் அண்ணா. செக்யூரிட்டி முதல் எல்லாரும் ஒன்றாகக் கிடக்கிறார்கள், பிரிக்க வழியில்லை. ஆள் எண்ணிக்கைக்கு ஏ.எஸ்.ஐ., மாத ஏற்ற இறக்கத்துக்குப் பி.எஃப்., சரியா?

சலான்15:
சரி. ஆனால் பி.எஃப்.பில் கடைசி சில மாதங்களை விட்டுவிடுங்கள். சலான் கெடு அடுத்த மாதம் 15ஆம் தேதி என்றாலும், தாமதமாகக் கட்டுகிறவர்கள் நிறைய. பழைய மாத எண்களும் பிறகு மாறும். எந்தத் தேதியில் இறக்கிய கோப்பு என்று அடியில் எழுதுங்கள்.