ஜூலியா ராபின்சன் எங்களுக்கு அறிமுகமான விதம்

ஓய்வு பெற்ற கணித ஆசிரியை, உசிலம்பட்டி:

வாதக் காய்ச்சலால் இதயம் பாதிக்கப்பட்டு, ஓராண்டு வீட்டிலிருந்துவிட்டு மீண்டும் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த மாணவி ஒருத்தி, இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை மதுரை பெரியாஸ்பத்திரியில் பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டு வருவாள். மறுநாள் பெஞ்சில் ஒருக்களித்தே உட்காருவாள். அவளுக்குச் சொல்வதற்காகத்தான் கணிதவியலாளர் ஜூலியா ராபின்சனின் வாழ்க்கையைப் படித்தேன். 1919இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பிறந்த அவரும், ஒன்பது வயதில் தொடங்கிய காய்ச்சல் வாதக் காய்ச்சலாக முற்றியதில் இரண்டாண்டுப் படிப்பை இழந்தவர். "அவுங்களுக்கும் ஊசி போட்டாங்களா டீச்சர்?" என்றாள். அப்போது பெனிசிலின் மருந்தாகவே வந்திருக்கவில்லை என்றதும், தன் பாடு பரவாயில்லை என்பதுபோலச் சிரித்தாள்.

ராபின்சன் ஆராய்ந்த கணிதத் தர்க்கவியல் அவளுக்கு விளங்கியிருக்காது. தினமும் என்ன வேலை செய்கிறீர்கள் என்று அலுவலகம் கேட்டதற்கு, திங்கள் முதல் வியாழன் வரை தேற்றத்தை நிறுவ முயன்றதாகவும், வெள்ளியன்று தேற்றமே தவறென்று தெரிந்ததாகவும் ராபின்சன் எழுதிக் கொடுத்தாராம். அதை மட்டும் கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்துக்கொண்டாள்.

கல்லூரிப் பேராசிரியர், நாகமலைப் புதுக்கோட்டை:

டீச்சரம்மா சொன்னதன் தொடர்ச்சியாக ஒன்று. முழு எண் கெழுக்கள் கொண்ட எந்தப் பல்லுறுப்புக்கோவைச் சமன்பாட்டைக் கொடுத்தாலும், அதற்கு முழு எண் தீர்வு உண்டா என்று சொல்லிவிடும் பொது வழிமுறை இருக்கிறதா என்பது 1900இல் ஜெர்மன் கணிதவியலாளர் ஹில்பர்ட் முன்வைத்த பத்தாவது கேள்வி. அடுக்குக்குறி வேகத்தில் (2, 4, 8, 16 என்பதுபோல) வளரும் தொடர்பு ஒன்றை அத்தகைய சமன்பாட்டால் வரையறுத்துவிட்டால் போதும் என்ற இடம் வரை ராபின்சனும், மார்ட்டின் டேவிஸும், ஹிலரி புட்னமும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1970இல் லெனின்கிராடின் 22 வயது யூரி மத்தியாசெவிச், ஒவ்வோர் எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டுத்தொகையாக வரும் ஃபிபனாச்சி எண்களைக் கொண்டு அந்த மிச்சத்தை முடித்தார். அப்படியொரு பொது வழிமுறை கிடையாது என்பது அதோடு உறுதியானது. முந்திக்கொண்டாரே என்று பொருமாமல், ராபின்சன் அவரோடு சேர்ந்தே கட்டுரை எழுதினார்.

கணவர் ரஃபேல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் கணிதத் துறையில் இருந்ததால், தம்பதியர் ஒரே துறையில் பணியாற்றக் கூடாதென்ற விதி ராபின்சனை வெளியே நிறுத்தியது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் கணிதப் பிரிவுக்கு முதல் பெண்ணாகத் தேர்வான பிறகே, 1976இல் பேராசிரியர் பதவி வந்தது. அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் முதல் பெண் தலைவர் பொறுப்பும் மெக்ஆர்தர் அறக்கட்டளையின் நல்கையும் 1983இல். 1985இல் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார்.

என் மனைவியும் கணிதம் படித்தவர். நான் அப்போது வேலை பார்த்த கல்லூரியில் அவர் விண்ணப்பித்தபோது, எழுத்தில் எந்த விதியும் இல்லாமலே, "வீட்டுக்கு ஒருத்தர் போதுமே சார்" என்றார்கள். அன்றிலிருந்து முன்னறையில் டியூஷன் எடுக்கிறார். ராபின்சன் தேர்வான செய்தி வந்த அன்றும் துறையில் "பேராசிரியர் ராபின்சனின் மனைவி" என்றுதான் அடையாளம் சொன்னார்களாம் என்று வாசித்துக் காட்டினேன். சாக்பீஸைக் கீழே வைக்காமலே, "அன்னைக்குமா பேரு வரல?" என்று கேட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்.