எதிரி இல்லாமல் சேர்ந்து கட்டும் போர்டு கேம்: உண்டா, இல்லையா?

மீனாகு:
நேற்று இன்னொரு இழையில் பகடைப்பித்தன் ஒரு வரியை எறிந்துவிட்டுப் போனார்: "அச்சுறுத்தல் இல்லாத கோ-ஆப் ஆட்டம் கிடையாது. இருந்தால் அது ஆட்டமே கிடையாது." கோ-ஆப் என்றால் ஒருவரோடு ஒருவர் போட்டியிடாமல் எல்லோரும் சேர்ந்து ஆடுவது. படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது, அதனால்தான் இந்தத் தனி இழை. எனக்கு வேண்டியது இதுதான். எல்லோரும் ஒரே அணியாக எதையாவது கட்ட வேண்டும். நோய், பூதம், மூழ்கும் தீவு எதுவும் துரத்தக் கூடாது. நோய் பரவலைத் தடுக்கும் பாண்டமிக் ஆட்டம் வேண்டவே வேண்டாம். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால், சென்னையில் வெடித்த நோய் பாங்காக்குக்கும் ஜகார்த்தாவுக்கும் பரவுவதைப் பார்க்க என் அம்மாவுக்கு மனம் வரவில்லை. 2020க்குப் பிறகு யாருக்குத்தான் வரும்?

எனக்குத் தெரிந்த வரையில் டோர்ஃப்ரொமான்டிக் ஒன்று இருக்கிறது. பெர்லினில் உருவான கணினி விளையாட்டிலிருந்து வந்தது, 2023இல் ஸ்பீல் டெஸ் யாரெஸ் என்ற ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருது வாங்கியது. டைல் எனப்படும் அறுகோண அட்டைத் துண்டுகளை ஒட்டி ஒட்டிக் காடு, வயல், ஊர், ரயில் பாதை, ஆறு என்று ஒரு நிலத்தையே கட்டலாம். யாரும் இடிக்க வருவதில்லை. இதுபோல வேறு இருந்தால் சொல்லுங்கள்.

பகடைப்பித்தன்:
பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள், வந்துவிட்டேன். டோர்ஃப்ரொமான்டிக்கில் டைல் அடுக்கு தீர்ந்தால் ஆட்டம் முடிகிறது. அப்படியானால் தீர்ந்துகொண்டே வரும் அந்த அடுக்குதான் எதிரி. பாண்டமிக்கிலும் சீட்டுக்கட்டு தீர்ந்தால் கதை முடிந்தது. அங்கே நோய் வரைந்திருக்கிறார்கள், இங்கே வயல் வரைந்திருக்கிறார்கள்.

ஓட்டுவீடு:
பாண்டமிக்கில் கட்டு தீர்ந்தால் தோற்கிறோம். டோர்ஃப்ரொமான்டிக்கில் அடுக்கு தீர்ந்தால் உட்கார்ந்து புள்ளியை எண்ணுகிறோம். பரீட்சை முடிந்து மணி அடித்தால் அந்த மணி நமக்கு எதிரியா?

பகடைப்பித்தன்:
கடைசிக் கேள்வியைப் பாதியில் விட்டவனைக் கேட்டுப் பாருங்கள். அடுக்கு தீர்கிறது. அது எதிரி.

இரவல்அட்டை:
பிட்வீன் டூ சிட்டீஸ் பார்த்தீர்களா? 2015இல் வந்தது. இடது பக்கத்தவரோடு ஒரு நகரம், வலது பக்கத்தவரோடு இன்னொரு நகரம் கட்ட வேண்டும். சண்டை, நோய், வெள்ளம் எதுவும் இல்லை. என்னிடம் ஒரு பெட்டி இருந்தது. இப்போது அது யாரிடம் இருக்கிறது என்று இங்கே ஒருவருக்குத் தெரியும்.

மீனாகு:
நல்ல ஆட்டம்தான், ஆனால் கடைசியில் ஜெயிப்பது ஒருவர். உங்கள் இரண்டு நகரங்களில் புள்ளி குறைந்தது எதுவோ அதுதான் உங்கள் கணக்கு. அம்மா அதைக் கேட்டால் "அப்போ பக்கத்து வீட்டுக்காரரை நம்பக் கூடாதா?" என்பார். நான் கேட்டது முழு கோ-ஆப்.

கொங்குதேர்:
சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஜெர்மனியின் ஹாபா நிறுவனத்தின் ஓப்ஸ்ட்கார்ட்டன். 1986லிருந்து இருக்கிறது. ஆப்பிள், பேரி, செர்ரி, பிளம் என்று நான்கு மரம், மரத்துக்குப் பத்துப் பழம். பகடை போட்டு எல்லோரும் சேர்ந்து பறிக்க வேண்டும். பகடையில் காக்கை விழுந்தால் காக்கைப் படத்தில் ஒரு துண்டு கூடும். ஒன்பது துண்டும் சேர்வதற்குள் பழங்களைப் பறித்துவிட வேண்டும்.

பகடைப்பித்தன்:
காக்கை! நானே இவ்வளவு நல்ல சாட்சியைக் கொண்டுவந்திருக்க முடியாது. மூன்று வயதுக் குழந்தைக்கான ஆட்டத்திலேயே எதிரி தேவைப்பட்டிருக்கிறது.

கொங்குதேர்:
காக்கை எதிரி இல்லை அண்ணா. பசிக்கு வருகிறது. தினமும் காக்கைக்குச் சோறு வைக்கிற வீடு எங்களுடையது.

ஓட்டுவீடு:
அதுவும் இல்லாமல் அந்த ஆட்டத்தில் கட்டுவது எங்கே இருக்கிறது? பறிப்பதுதானே? கேட்ட கேள்வி வேறு.

கொங்குதேர்:
கேள்வியை நானும் படித்தேன். கட்டுவது என்று வந்துவிட்டால் நம் சிற்றிலையே எடுத்துக்கொள்ளலாம். பெண்பிள்ளைகள் சேர்ந்து மணலில் வீடு கட்டுவார்கள், வெல்வது தோற்பது இல்லை.

பகடைப்பித்தன்:
பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் எதற்கு இருக்கிறது? பாட்டின் தலைவனான அந்தப் பையன் வந்து மணல் வீட்டை மிதித்துவிடுவான் என்றுதானே பெண்கள் கெஞ்சுகிறார்கள், சிதைக்காதே என்று? நம்மவர்களும் மணல் வீட்டைக் கட்டிவிட்டு மிதிக்க ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள். மிதிப்பவன் இல்லையென்றால் பாட்டு ஏது? அதுபோல அடுக்கு தீராவிட்டால் ஆட்டம் ஏது?

மீனாகு:
சிற்றில் வரைக்கும் போய்விட்டுத் திரும்ப அடுக்கிலேயே வந்து விழுகிறார். பித்தன் சார், போட்டி ஆட்டமான கார்கசோனிலும் டைல் தீரும். அங்கே அடுக்கை எதிரி என்று நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

பகடைப்பித்தன்:
ஏனென்றால் அங்கே எதிரே ஆள் இருக்கிறார். ஆள் இல்லாத ஆட்டத்தில் அந்த நாற்காலியில் அடுக்கு உட்கார்ந்துகொள்கிறது. இதைச் சொன்னால் உடனே கோபம் வருகிறது.

கோ-ஆப் என்றால் 2008இல் பாண்டமிக்கோடு பிறந்தது என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கனடாவில் ஜிம் டீக்கோவ் 1970களிலேயே ஃபேமிலி பாஸ்டைம்ஸ் என்று நிறுவனம் வைத்துக் கூட்டு விளையாட்டுகளை மட்டும் செய்துகொண்டிருந்தார். இந்த வரலாறெல்லாம் எனக்கும் தெரியும். வாணவேடிக்கை பற்றிய கோ-ஆப் சீட்டாட்டம் ஹனாபியை எடுங்கள். ஐந்து நிறம், 1 முதல் 5 வரை வரிசையாக அடுக்க வேண்டும், அதிகபட்சம் 25. நீங்கள் கேட்கும் சேர்ந்து கட்டுவதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் இல்லை. ஆனாலும் மூன்று தப்பு செய்தால் வெடித்துவிடும். பாண்டமிக் செய்த மாட் லீகாக்கே மட்டேயோ மெனபாச்சேயோடு சேர்ந்து 2023இல் பருவநிலை மாற்றத்தைப் பற்றிய டேபிரேக் ஆட்டத்தைச் செய்தார். மின் உற்பத்தியை மாற்றுவது, காடு வளர்ப்பது என்று கட்டும் வேலைதான் பெரும்பாலும். அங்கேயும் வெப்பநிலை 2 டிகிரி உயர்ந்தால் தோல்வி. கை தேர்ந்தவர்கள் எல்லோரும் எதையோ ஒன்றை எதிரே வைக்கிறார்கள். டோர்ஃப்ரொமான்டிக்கில் அது அடுக்கு.

ஓட்டுவீடு:
உங்கள் பட்டியலில் இருப்பதெல்லாம் தோற்கக்கூடிய ஆட்டங்கள். டோர்ஃப்ரொமான்டிக்கில் தோற்கவே முடியாது. புள்ளி குறைவாக வந்தாலும் குறித்துக்கொண்டு அடுத்த ஆட்டம், போகப் போகப் புதுப் பெட்டிகள் திறக்கும். தோல்வியே தர முடியாத எதிரி என்ன எதிரி?

பகடைப்பித்தன்:
சோம்பேறி எதிரி. இருந்தாலும் எதிரிதான். அடுக்கு தீர்கிறதா இல்லையா? ஒரே சொல்லில் பதில்.

மீனாகு:
தீர்கிறது. அதனால் என்ன?

பகடைப்பித்தன்:
அதைத்தான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மீனாகு:
டோர்ஃப்ரொமான்டிக்கில் ஓர் எதிரி உண்டுதான், நானும் பார்த்தேன். போன சந்திப்பில் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது. என் முறை வந்தபோது என் கையிலிருந்த டைலை வாங்கி ஆற்றோரமாக வைத்தது. ஓட்டுவீட்டின் முறையில் ரயில் பாதை இப்படித்தான் வளைய வேண்டும் என்றது. ஆறு பேர் வரை ஆடலாம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அன்றைக்கு ஆடியது ஒருவர்தான்.

பகடைப்பித்தன்:
அது ஆலோசனை. நீங்கள் வைக்கப் பார்த்த இடத்தில் ஆறு காட்டுக்குள் முட்டியிருக்கும். ஆற்றையும் ரயில் பாதையையும் அப்படி வெட்ட விதி இடம் தராது. விதியைச் சொன்னது குற்றமா?

ஓட்டுவீடு:
அது மீனாகுவுக்குச் சொன்னது. எனக்குச் சொன்னது விதி இல்லை, "அங்கே வைத்தால் பார்க்க நன்றாக இருக்காது" என்றீர்கள்.

பகடைப்பித்தன்:
நன்றாகவும் இருந்திருக்காது. ரயில் பாதை நீண்டால் புள்ளி. அன்று நாம் வாங்கிய புள்ளியை அதற்குப் பிறகு இந்தக் குழுவில் யாராவது தாண்டியிருக்கிறீர்களா?

மீனாகு:
தாண்டத் தேவையில்லை என்றுதானே அந்த ஆட்டத்தை வாங்கினேன்!

கொங்குதேர்:
எனக்கு இன்னும் காக்கை விஷயம் மனசு ஆறவில்லை. படத்துண்டு கூடிக்கொண்டே போவதால் காக்கை எதிரி என்றால், மரத்தில் குறைந்துகொண்டே போகும் பழமும் எதிரியா?

பகடைப்பித்தன்:
பழத்தை நாம் பறிக்கிறோம், துண்டு தானாகச் சேர்கிறது. யோசித்துவிட்டு எழுதுங்கள் தம்பி.

கொங்குதேர்:
டோர்ஃப்ரொமான்டிக் டைலையும் நாம்தானே எடுத்து வைக்கிறோம் அண்ணா? அடுக்கு தானாகவா தீர்கிறது?

பகடைப்பித்தன்:
யார் எடுத்தாலும் தீர்கிறது. தீர்வதுதான் பேச்சு, எடுப்பது பேச்சில்லை.

இரவல்அட்டை:
எடுப்பது பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் கேட்கிறேன். என் பிட்வீன் டூ சிட்டீஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு போனவர் இந்த இழையில் காலையிலிருந்து விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறார். எப்போது திரும்ப வரும்?

பகடைப்பித்தன்:
அதைத் தனிமடலில் பேசலாம்.

இரவல்அட்டை:
தனிமடலுக்குப் பதில் வருவதில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

ஓட்டுவீடு:
என் ஹனாபியும் அங்கேதான் இருக்கிறது.

பகடைப்பித்தன்:
ஹனாபியை நான் கேட்கவில்லை, நீங்களாகத் தந்தீர்கள். பெட்டிக் கணக்குக்கு வேறு இழை திறங்கள். இங்கே கேள்வி அடுக்கு தீர்கிறதா என்பது.

மீனாகு:
இங்கே கேள்வி அது இல்லை! கேள்வியைப் போட்டது நான்!