யுஎஃப்டபிள்யூவில் மூடிய போர்ட் மொபைலில் திறக்கிறது: எஸ்எஃப்டிபிகோ அமைப்பில் உதவி வேண்டும்

குழித்துறைக்காரன்:

வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலை) கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. டேலியும் நான்தான், பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான்தான். முந்திரிப் பருப்பு ஏற்றுமதி செய்கிறோம், பெரும்பாலும் டபிள்யூ 320 தரம். தூத்துக்குடி வழியாகச் சரக்கு போகும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பைட்டோ சர்டிபிகேட் (பயிர் நலச் சான்று), லேப் ரிப்போர்ட் எல்லாம் இதுவரை மெயிலில்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இப்போது ஐரோப்பாவில் உள்ள பையர் மெயிலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேறொரு சப்ளையரின் மெயிலுக்குள் யாரோ புகுந்து, இன்வாய்ஸில் பேங்க் அக்கவுண்ட் நம்பரை மாற்றி அனுப்ப, இவர்கள் பணத்தைக் கட்டிவிட்டார்களாம். இனிமேல் எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச் வழியாகப் பாதுகாப்பாக ஃபைல் அனுப்பும் முறை) சர்வரில் போட்டு வையுங்கள், எங்கள் சிஸ்டம் ராத்திரி வந்து தானாக எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள்.

ஆபீஸ் ஃபைபர் லைனில் பொது ஐபி கிடையாது. அதனால் மும்பையில் ஒரு சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்து, உபுண்டுவில் டாக்கர் (புரோகிராமைக் கண்டெய்னர் என்ற தனிப்பெட்டிக்குள் ஓட்டுவது) போட்டு எஸ்எஃப்டிபிகோ என்ற எஸ்எஃப்டிபி சர்வர் மென்பொருள் ஓடுகிறது. அட்மின், ஒரு யூசர் இரண்டும் உருவாக்கிவிட்டேன். ஆனால் ஃபைல் ஏற்றினால் பெர்மிஷன் டினைட் வருகிறது. அது போகட்டும், என்னைப் பயமுறுத்துவது அடுத்தது. உபுண்டுவின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவில் எஸ்எஸ்எச்சுக்கு 22, எஸ்எஃப்டிபிக்கு 2022 என்று இரண்டு போர்ட்டை மட்டும்தான் திறந்தேன். அட்மின் பக்கம் ஓடும் 8080 பக்கமே போகவில்லை. ஆனாலும் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஐபி போட்டுப் பார்த்தால் அட்மின் லாகின் பக்கம் ஜம்மென்று வந்து நிற்கிறது. இது எப்படி? முதலாளி தினமும் "அடுத்த கண்டெய்னருக்கு முன்னால முடிஞ்சிருமாடே?" என்று கேட்கிறார்.

தக்கலை டிசைன்:

இதற்கு ஏன் இவ்வளவு பாடு? கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு லிங்க் கொடுத்தால் முடிந்தது. நாங்கள் கல்யாண ஆல்பம் எல்லாம் அப்படித்தான் அனுப்புகிறோம்.

வடசேரி டெர்மினல்:

தக்கலைக்காரரே, ஆல்பத்துக்கு அது போதும். இங்கே எடுக்கப்போவது மனிதர் இல்லை, அவர்களுடைய சிஸ்டம். அது எஸ்எஃப்டிபி பேசும், லிங்கைத் தொடாது. தவிர, "லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்" என்று வைத்த இன்வாய்ஸ் எந்த வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிறது என்று யாருக்குத் தெரியும்.

தம்பி, முதலில் 8080 விஷயம். யுஎஃப்டபிள்யூ மேல் தப்பில்லை. டாக்கர் தன் போர்ட்டுகளுக்கு ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால் விதிப்பட்டியல்) தானே விதி எழுதிக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் பாக்கெட் யுஎஃப்டபிள்யூவின் விதிகளைப் பார்க்காமலே டாக்கர் கண்டெய்னருக்குத் திருப்பிவிடப்படும். டாக்கரின் கம்போஸ் ஃபைலில் (அமைப்புக் கோப்பு) 8080:8080 என்றுதானே போட்டிருப்பீர்கள்? அதை 127.0.0.1:8080:8080 என்று மாற்றுங்கள், 127.0.0.1 என்றால் அந்த சர்வருக்குள் மட்டும். அப்புறம் மொபைலில் மறுபடி பாருங்கள், வராது.

இதற்கு இன்னொரு முனை உண்டு. 2022-ஐயும் டாக்கர்தான் திறந்து வைத்திருக்கிறது. ஆகவே "பையரின் ஐபிக்கு மட்டும்" என்று யுஎஃப்டபிள்யூவில் எழுதினால் அதுவும் செல்லாது. விபிஎஸ் கம்பெனியின் கன்ட்ரோல் பேனலில் ஃபயர்வால் இருக்கும், அங்கே போடுங்கள். எஸ்எஃப்டிபிகோவிலும் ஒவ்வொரு யூசருக்கும் அனுமதித்த ஐபி எழுத இடம் உண்டு. இரண்டிலும் எழுதுங்கள்.

அட்மினுக்குள் போக டன்னல், அதாவது எஸ்எஸ்எச் இணைப்புக்குள் ஒரு தனி வழி. எஸ்எஸ்எச் புரோகிராமான புட்டியில் கனெக்ஷன், எஸ்எஸ்எச், டன்னல்ஸ் என்று போங்கள். சோர்ஸ் போர்ட் 8080, டெஸ்டினேஷன் 127.0.0.1:8080 என்று கொடுத்து ஆட் அழுத்திவிட்டு லாகின் ஆகுங்கள். பிறகு உங்கள் பிரௌசரில் 127.0.0.1:8080 போட்டால் அட்மின் வரும். உள்ளே போனதும் டூ ஃபேக்டரைப் போட்டுவிடுங்கள்.

உங்களிடம் ஒரு கேள்வி. கண்டெய்னர் ஓட ஆரம்பித்த உடனே அட்மின் உருவாக்கினீர்களா, சாப்பிட்டுவிட்டு வந்தா? எஸ்எஃப்டிபிகோ முதல்முறை திறக்கும்போது அட்மின் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும். யார் முதலில் வருகிறாரோ அவரே அட்மின். பொது ஐபியில் திறந்து கிடந்த சர்வர் அது. இன்னும் ஒரு ஃபைல்கூட ஏறவில்லை என்பதால் சந்தேகத்தோடு வைத்திருக்காமல் மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

பெர்மிஷன் டினைட் சின்ன விஷயம். ஹோஸ்டில் நீங்கள் மவுண்ட் செய்த ஃபோல்டர் ரூட் பெயரில் இருக்கும், கண்டெய்னருக்குள் ஓடுவது யூசர் ஐடி 1000. உரிமையாளரை மாற்றும் சௌன் கட்டளை போட்டு 1000:1000 ஆக்கினால் சரியாகிவிடும். மறுபடி போடும்போது டேட்டா ஃபோல்டரோடு வார்/லிப்/எஸ்எஃப்டிபிகோ ஃபோல்டரையும் வால்யூமில், அதாவது கண்டெய்னருக்கு வெளியே நிலைத்து நிற்கும் இடத்தில், வையுங்கள். டேட்டாபேஸும் ஹோஸ்ட் கீயும் (சர்வரின் அடையாளச் சாவி) அதில்தான். அது இல்லாமல் கண்டெய்னரை அப்டேட் செய்தால் ஹோஸ்ட் கீ புதிதாகும், பையரின் சிஸ்டம் "இது பழைய சர்வர் இல்லை" என்று நின்றுவிடும். அப்டேட்டுக்குப் பயந்து யாரும் அப்டேட் செய்யாமல் விடுவது இப்படித்தான்.

அட்மின் பக்கத்தை மறை மறை என்று நான் சும்மா சொல்லவில்லை. 2023 ஜனவரி கடைசியில் கோஎனிவேர் எம்எஃப்டி என்ற ஃபைல் பரிமாற்ற மென்பொருளில் புகுந்தவர்களுக்கு இணையத்தில் தெரிந்த நிர்வாகப் பக்கம்தான் வழி. அதே வருடம் மே மாதக் கடைசியில் மூவ்இட் என்ற இன்னொரு ஃபைல் பரிமாற்ற மென்பொருள். அங்கே ஓட்டை எல்லோரும் பயன்படுத்தும் வெப் பக்கத்திலேயே இருந்த எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் (டேட்டாபேஸுக்குள் கட்டளை நுழைப்பது), அட்மினை மறைத்திருந்தாலும் உதவியிருக்காது. போனது சர்வரில் கிடந்த ஃபைல்கள். ஆகவே பையர் எடுத்து முடித்ததும் அழித்துவிடுங்கள், பழைய இன்வாய்ஸ் எல்லாம் அங்கே தூங்கக் கூடாது.

குழித்துறைக்காரன்:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். மொபைலில் வரவில்லை, டன்னலில் வருகிறது. சௌன் போட்டதும் ஃபைலும் ஏறுகிறது. பையர் பக்கத்து ஐடி ஆள் எங்கள் பிரைவேட் கீயை அனுப்பச் சொல்கிறார், அனுப்பலாமா? அதோடு தூத்துக்குடி கிளியரிங் ஏஜென்ட் ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங் காப்பி எல்லாம் ஏற்ற வேண்டும். அவருக்கு வின்எஸ்சிபி மாதிரி எஸ்எஃப்டிபி புரோகிராம் எல்லாம் ஆகாது, பிரௌசர்தான் வேண்டும் என்கிறார்.

வடசேரி டெர்மினல்:

எந்த பிரைவேட் கீயும் எங்கும் போகாது. அவர்கள் பக்கம் ஒரு இடி25519 வகைக் கீ ஜோடி (ரகசியமான பிரைவேட், வெளியே கொடுக்கும் பப்ளிக்) உருவாக்கி, பப்ளிக் கீயை மட்டும் உங்களுக்கு அனுப்பட்டும். அதை அந்த யூசரில் ஒட்டிவிட்டு பாஸ்வேர்ட் லாகினை அணைத்துவிடுங்கள். நீங்கள் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது ஹோஸ்ட் கீயின் ஃபிங்கர்பிரிண்ட், அதாவது அதைச் சரிபார்க்கும் சுருக்கக் குறியீடு. அதை மெயிலில் அனுப்பாதீர்கள், போனில் படித்துக் காட்டுங்கள். மெயிலை நம்ப முடியாது என்றுதானே இந்த வேலையே.

பெர்மிஷனில் பையருக்கு லிஸ்ட், டவுன்லோட் மட்டும். ஏஜென்டுக்கு அவருடைய ஃபோல்டரில் லிஸ்ட், அப்லோட். ஓவர்ரைட் தனியாக ஒரு பெர்மிஷன், அதைக் கொடுக்காதீர்கள். திருத்தம் இருந்தால் புதுப் பெயரில் ஏற்றட்டும். வைத்த தாளை யாரும் அதே பெயரில் மாற்ற முடியாது என்பது இதில்தான் வருகிறது.

பிரௌசருக்கு எஸ்எஃப்டிபிகோவின் எச்டிடிபிடி (வெப் பகுதி) அமைப்பில் இரண்டாவது பைண்டிங் (கேட்கும் போர்ட்) ஒன்று, 8081-இல். அதில் எனேபிள் வெப் அட்மினை ஃபால்ஸ் ஆக்குங்கள், வெப் கிளையன்ட் மட்டும் இருக்கட்டும். கம்போஸ் ஃபைலில் அதையும் 127.0.0.1:8081:8081 என்று கட்டிவிட்டு, முன்னால் கேடி (வெப் சர்வர்) போட்டு டொமைன் பெயர் கொடுத்தால் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவச எச்டிடிபிஎஸ் சர்டிபிகேட்டை அதுவே வாங்கி, காலாவதி ஆகும் முன் அதுவே புதுப்பித்துவிடும். கேடியை டாக்கரில் போடாமல் நேரடியாக நிறுவுங்கள், அப்போது யுஎஃப்டபிள்யூ சொல்வது எடுபடும். 80, 443 இரண்டையும் திறங்கள்.

லாகினில் திரும்பத் திரும்பத் தப்பு செய்யும் ஐபியைத் தடுக்கும் எஸ்எஃப்டிபிகோவின் டிஃபெண்டரும் போடுங்கள், அது தானாக ஆன் ஆகி இருக்காது. ஆனால் கேடி வழியாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே ஐபியில் வருவதுபோல எஸ்எஃப்டிபிகோவுக்குத் தெரியும். ஏஜென்ட் ஆபீஸ் பையன் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தப்பாக அடித்தால் பிரௌசரில் வருகிற எல்லோருக்கும் கதவு மூடிவிடும். அந்த பைண்டிங்கில் பிராக்ஸி அலவ்டில் கேடி வரும் ஐபியைக் கொடுத்து, கிளையன்ட் ஐபி பிராக்ஸி ஹெடரில் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்று எழுதிவிட்டு, லாகில் உங்கள் மொபைலின் ஐபி சரியாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகு டிஃபெண்டரை ஆன் செய்யுங்கள்.