சுத்திகரிப்பு நிலையத்தில் எனிடெஸ்க் எப்போதும் திறந்தே இருக்கலாமா?

நொய்யல்கரை:
திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பராமரிப்பு பார்க்கிறேன். பம்பு, வால்வுகளைத் திரையில் பார்த்து இயக்கும் ஸ்காடா கம்ப்யூட்டரில், வெளியிலிருந்தே அதை இயக்க விடும் எனிடெஸ்க் சாஃப்ட்வேர் ராத்திரி பகலாக ஓடுகிறது. பாஸ்வேர்டு தெரிந்தவர்களில் ஒருவர் வேலையை விட்டே போய்விட்டார். எடுத்துவிடலாம் என்றால் கன்ட்ரோல் பேனல் போட்டுக் கொடுத்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. என்ன செய்யலாம்?

பேனல்காரன்:
நானும் கோவையில் பேனல் போடுகிறவன்தான். நடுராத்திரியில் ஆர்.ஓ. (மெம்பரேன் வழியாகத் தண்ணீரை வடிகட்டும் பிளான்ட்) நின்றால் கணபதியிலிருந்து நான் வந்து சேர்வதற்குள் டேங்க் நிரம்பிவிடும். ஒரு சொட்டு வெளியே விட முடியாது. 2011-ல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது மறந்துபோச்சா? நம்ம ஊர்க் கழிவுநீரை எவன் ஹேக் பண்ணப் போகிறான்?

பவானிசாகர்:
அண்ணா, ஊர் பார்த்து வருவதில்லைங்க. 2023 நவம்பரில் அமெரிக்காவில் அலிக்விப்பா என்ற சின்ன ஊரின் குடிநீர் பம்ப் நிலையத்தில், பம்பை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியான பி.எல்.சி.யை ஹேக்கர்கள் பிடித்தார்கள். ஊர்மேல் பகை இல்லை. பெட்டி இஸ்ரேல் தயாரிப்பு, அதற்காகத்தான். அந்த வகைப் பெட்டிக்குக் கம்பெனி போட்டுத் தரும் பாஸ்வேர்டு 1111. பலர் மாற்றுவதே இல்லை.

அதைவிட, வேலையை விட்டுப் போனவர் என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. 2000-ல் ஆஸ்திரேலியாவின் மரூச்சியில் கழிவுநீர் நிலையங்களுக்குக் கன்ட்ரோல் சிஸ்டம் போட்ட கம்பெனியில் இருந்து விலகியவர், காரில் ரேடியோவை வைத்துக்கொண்டு பம்புகளை ஆட்டிவைத்தார். சுமார் 8 லட்சம் லிட்டர் சாக்கடை பூங்காவிலும் ஓடையிலும் பாய்ந்தது.

பல்லடம் ரிலே:
எதுக்குங்க இவ்வளவு பேச்சு? இன்டர்நெட் வயரைப் பிடுங்கிப் போடுங்க.

பேனல்காரன்:
பிடுங்குங்க. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆன்லைன் மீட்டர் அளவு போவது நின்றால் நோட்டீஸ் வரும், அதை நீங்களே வாங்கிக்கங்க. இன்னொன்று, வயர் இல்லாவிட்டால் வைரஸ் வராதா? ஸ்டக்ஸ்நெட் வைரஸ் ஈரானின் நடான்ஸ் அணு நிலையத்துக்குள் பென் டிரைவில்தான் போனது என்கிறார்கள்.

பவானிசாகர்:
மீட்டருக்கு, அளவைப் பதிந்து அனுப்பும் தனி லாகர், தனி சிம் வைத்தால் போச்சு. அதை ஏன் ஸ்காடா நெட்வொர்க்கில் கோர்க்கணும்? ரிமோட்டையும் ஒரேயடியாக எடுக்க வேண்டாம். அதற்கு நெட் தரும் 4ஜி ரவுட்டரின் கரன்ட்டை ஒரு சாவி சுவிட்ச் வழியாக விடுங்க. போனில் நீங்கள் கேட்டால் ஷிப்ட் ஆள் போடுவார், வேலை முடிந்ததும் அணைப்பார். நொய்யல் அண்ணா, பி.எல்.சி.யில் ரன் (ஓட மட்டும்), புரோகிராம் (உள்ளே மாற்ற விடும்) சாவி இருந்தால் அது எதில் நிற்கிறது என்று இன்றைக்கே பாருங்க. 2017-ல் சவூதி பெட்ரோகெமிக்கல் ஆலையில் பாதுகாப்புக் கன்ட்ரோலருக்குள் டிரைட்டான் வைரஸ் போக முடிந்ததற்குச் சாவியைப் புரோகிராமிலேயே விட்டிருந்ததும் ஒரு காரணம்.

பல்லடம் ரிலே:
அதோடு ஆர்.ஓ. ஹை பிரஷர் சுவிட்ச் பி.எல்.சி. வழியாக இல்லாமல், மோட்டாருக்குக் கரன்ட் விடும் கான்டாக்டரை நேராக விழவைக்கணும். சாஃப்ட்வேரை நம்பி விட்டால் யார் உள்ளே வந்தாலும் மெம்பரேன் காலி.

நொய்யல்கரை:
சாவி புரோகிராமில்தான் நிற்கிறது. பிரஷர் சுவிட்சும் பி.எல்.சி. வழியாகத்தான். சரி, பேனல்காரரே, பி.எல்.சி.யில் ஓடும் லேடர் புரோகிராமின் பேக்கப் எங்களிடம் இல்லை. கேட்டால் தருவீர்களா?

பேனல்காரன்:
சாவி சுவிட்சுக்கு நான் தயார், செலவு உங்களுது. ஆனால் சோர்ஸ் புரோகிராம் தர மாட்டோம். நாளைக்கே பக்கத்து ஆள் காப்பி அடித்துப் பாதி விலைக்குப் போடுவான்.

பவானிசாகர்:
சீல் போட்ட கவரில் பேக்கப்பை வைத்து, சங்க ஆபீஸ் லாக்கரில் கொடுங்க. பெட்டி செத்த அன்றைக்குத்தான் பிரிப்பாங்க.

பேனல்காரன்:
முதலாளியிடம் கேட்கணும். ஒத்துக்கொள்வார் என்று தோணலை.