படுக்கும்போது 128, விடிந்ததும் 152: சாப்பிடாத இரவில் சர்க்கரை ஏறுவது எப்படி?

கேள்வி:

இரண்டாம் வகை நீரிழிவு எனக்கு இருப்பது தெரியவந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. அப்போது எச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தச் சோதனை) 8.6 சதவீதம், சென்ற வாரம் மீண்டும் பார்த்ததில் 7.9. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் இரண்டு வேளை எடுத்துக்கொள்கிறேன். இனிப்பையும் பழச்சாற்றையும் அடியோடு நிறுத்திவிட்டேன். இரவு உணவில் மாவுச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். இவ்வளவு செய்தும் காலையில் வெறும் வயிற்றில் குளுக்கோமீட்டர் 145, 150 என்றே காட்டுகிறது. ஒருநாள் சந்தேகப்பட்டுப் படுக்கப்போகும் முன் பார்த்தேன், 128 இருந்தது. எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் தூங்கி எழுந்து பார்த்தால் 152. வாயில் ஒன்றும் போடாத நேரத்தில் இந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது? இரவு உணவை முழுவதுமாக விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நேற்றுக் காலை ஒரே விரலில் அடுத்தடுத்து இரண்டு ஸ்டிரிப்பில் பார்த்தபோது ஒன்று 142 என்றும் மற்றொன்று 158 என்றும் காட்டின. கருவி பழுதாகிவிட்டதா?

மறுமொழி 1:

வணக்கம். நான் மருத்துவன் அல்லன். பதினான்கு ஆண்டுகளாக நீரிழிவோடு காலம் தள்ளுபவன். தூங்கும்போது நாம் சாப்பிடுவதில்லையே தவிர, மூளைக்குக் குளுக்கோஸ் தேவைப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அதைக் கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து சிறிது சிறிதாக இரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கிறது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு மேல், கார்டிசோல், வளர்ச்சி ஹார்மோன் முதலிய ஹார்மோன்கள் கூடும்போது கல்லீரலிலிருந்து வரும் வரத்தும் கூடுகிறது. நீரிழிவு இல்லாதவருக்கு அதற்கு ஈடாக இன்சுலின் சுரந்து அடக்கிவிடும். நமக்கு அந்தக் கடிவாளம் தளர்ந்துபோயிருக்கிறது. ஆகவே அந்த 152-க்கான பழி முழுவதையும் இரவு உணவின் தலையில் போடாதீர்கள்.

இரவு உணவை விட்டால் காலை எண் தானாக இறங்கிவிடும் என்று நம்பி நானும் இரண்டு வாரம் பட்டினி கிடந்திருக்கிறேன். எண் அசையவே இல்லை; காலையில் பசி தாளாமல் இரண்டு பங்கு சாப்பிட்டதுதான் மிச்சம். நேரத்தோடு சாப்பிடுவதும் அதன்பின் படுக்கும்வரை எதையும் கொறிக்காமல் இருப்பதுமே எனக்குப் பயன்பட்டன. உங்கள் நிலை இதுதானா என்று உறுதிசெய்ய, அடுத்தடுத்த நாட்களில் இல்லாவிட்டாலும், மூன்று இரவுகளாவது அலாரம் வைத்து மூன்று மணிக்கு எழுந்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அப்போது ஏறாமல் இருந்து விடிந்தபின் ஏறியிருந்தால் அது கல்லீரலின் வேலை. மூன்று மணிக்கே உயர்ந்திருந்தால் மருத்துவர் வேறு விதமாக யோசிக்க வேண்டியிருக்கும்.

மறுமொழி 2:

பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவள் நான். உங்கள் கருவி பழுதாகவில்லை. வீட்டில் பயன்படுத்தும் குளுக்கோமீட்டர்களுக்கான 2013-ஆம் ஆண்டு ஐ.எஸ்.ஓ. (சர்வதேசத் தர அமைப்பு) தரவிதியின்படி, உண்மையான அளவு 100 அல்லது அதற்கு மேல் இருந்தால், நூற்றில் குறைந்தது 95 அளவீடுகளாவது அதிலிருந்து 15 சதவீதம் கூடவோ குறையவோ என்ற எல்லைக்குள் இருக்க வேண்டும். அதாவது, உண்மையில் 150 இருப்பவருக்கு 128 என்று காட்டினாலும் 172 என்று காட்டினாலும் கருவி விதியை மீறவில்லை. பத்துப் பதினைந்து எண் ஏறியதற்கு வருந்துவதும் இறங்கியதற்கு மகிழ்வதும் வீண் என்று நான் சொல்வது இதனால்தான்.

கருவியைவிடக் கைதான் அதிகம் ஏமாற்றும். ஒருமுறை ஒருவர் தமக்கு 214 காட்டுகிறது என்று பதறிக்கொண்டு வந்தார். சற்று முன் பழம் உரித்த விரலையே குத்தியிருந்தார். சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு வேறொரு துளியில் பார்த்தபோது 131. விரலின் நுனியைக் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்டிரிப் டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள். ஈரக்காற்று பட்டால் ஸ்டிரிப் கெட்டுவிடும்.

ஆனால் உங்கள் கேள்வியில் வேறொன்று எனக்கு உறுத்துகிறது. எச்பிஏ1சி 7.9 என்பது சுமார் 180 என்ற சராசரிக்குச் சமம். காலையில் 150, இரவில் 128 என்று இருப்பவருக்குச் சராசரி 180 வர வேண்டுமென்றால், நீங்கள் பார்க்காத ஏதோ ஒரு நேரத்தில் சர்க்கரை வெகு உயரம் போய்வருகிறது என்றுதான் பொருள். இரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி தவறான எண்ணைக் காட்டக்கூடும் என்பதால் அதையும் ஒருமுறை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால், வெறும் வயிற்றுச் சோதனையைச் சில நாள் குறைத்துக்கொண்டு, அந்த ஸ்டிரிப்புகளை ஒவ்வொரு வேளை உணவுக்கும் முன்னும் பின்னும் ஜோடியாகச் செலவிடுங்கள். உண்ணும் முன் ஒன்று, முதல் கவளம் எடுத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. ஒரே நாளில் எல்லா வேளையும் பார்க்க வேண்டியதில்லை. மூன்று நாள் காலை, மூன்று நாள் மதியம், மூன்று நாள் இரவு என்று சுற்றிவந்தால் போதும்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. ஒன்பது நாட்கள் அப்படியே எழுதிவைத்தேன். மதியமும் இரவும் 30, 35 எண்ணுக்கு மேல் ஏறவில்லை. காலை உணவுதான் அதிர்ச்சி அளித்தது: முன் 148, பின் 231, மறுநாள் முன் 144, பின் 226, மூன்றாம் நாளும் ஏறக்குறைய அதே. நான் காலையில் உண்பது சர்க்கரை சேர்க்காத தானியக் கஞ்சி. உடம்புக்கு நல்லது என்று நம்பி, நன்றாகக் குழைய வேகவைத்து, பெரிய கிண்ணம் நிறையக் குடித்துவந்தேன்.

மறுமொழி 3:

உணவியல் ஆலோசகராக இருப்பதால் கஞ்சியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இனிப்பு இல்லாததெல்லாம் சர்க்கரையை ஏற்றாது என்பது பலருக்கும் இருக்கும் நம்பிக்கை. மாவுச்சத்தும் குடலில் குளுக்கோஸாகத்தான் உடைகிறது. தானியத்தை எவ்வளவு அரைத்துக் குழைக்கிறோமோ அவ்வளவு விரைவாக உடைகிறது. அத்துடன், விடியற்கால ஹார்மோன்களின் தாக்கம் காலையில் பலருக்கு நீடிப்பதால், மதியம் தாங்கும் அதே அளவு மாவுச்சத்தை உடல் காலையில் தாங்குவதில்லை. அளவைப் பாதியாக்குங்கள், தானியத்தை முழுமணியாக, குழையாத பதத்தில் எடுங்கள், தட்டில் காய்கறியையும் முட்டையோ பயறோ போன்ற புரதத்தையும் சேருங்கள். அவற்றை முதலில் உண்டுவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் உண்டால் ஏற்றம் மட்டுப்படும். சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதும் தசைகளைக் கொண்டு அந்தக் குளுக்கோஸைச் செலவழிக்கவைக்கும் வழி. பொதுவாகச் சாப்பிட்டபின் 180-க்குக் கீழும், உணவுக்கு முன் 80 முதல் 130 வரையும் இருப்பதை இலக்காகச் சொல்வார்கள். வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த எண்கள் வேறு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை அபாயமாகத் தாழ்வது அரிது. இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமிபிரைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் மருந்தை மாற்றியமைக்காமல் உணவை மட்டும் திடீரெனக் குறைத்தால் 70-க்குக் கீழே இறங்கி மயங்கி விழ நேரலாம். அப்படி இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸை உடனே உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவ உதவிக்கு அழைக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:

கஞ்சியை அரைக் கிண்ணமாக்கி, முட்டையும் காய்கறியும் முன்னால் வைத்ததில் நேற்று 146-லிருந்து 179, இன்று 143-லிருந்து 171. வீட்டில் ஒருவரும் சரியாகத் தூங்கவில்லை என்றாலும், மூன்று மணி அலாரமும் வைத்துப் பார்த்துவிட்டேன்: 126, 131, 124. ஆக, ஏற்றம் மூன்று மணிக்குப் பிறகுதான், கல்லீரலின் வேலைதான்; வெறும் வயிற்று எண் மட்டும் இன்னும் பிடிவாதமாக அங்கேயேதான் நிற்கிறது. வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறேன். நோட்டையும் எடுத்துச் செல்கிறேன். இரவு உணவை விடப்போவதில்லை.