முன்னாள் படைவீரர்கள்: நகரத்துக்கும் கிராமத்துக்கும் ஆடிட்-சி மதிப்பெண் ஏன் ஒத்துவரவில்லை?

கேள்வி: அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவத் துறையின் தரவை நகரம், கிராமம் என்று பிரித்தேன். ஆடிட்-சி என்ற மதுப் பழக்கக் கேள்விப் பரிசோதனை இரண்டு பக்கமும் நடக்கிறது. ஆனால் நேர்மறை விகிதம், அதாவது குடி ஆபத்தாக இருக்கலாம் என்று காட்டும் மதிப்பெண் வாங்கியவர் விகிதம், கிளினிக்குக்கு கிளினிக் தாறுமாறாக இருக்கிறது. எதில் தொடங்குவது?

பதில் 1: எதைக் கிராமம் என்கிறீர்கள்? வீட்டு முகவரியையா, கிளினிக் இருக்கும் இடத்தையா? துறை எடுப்பது வீட்டு முகவரியின் ரூகா குறியீடு, அதாவது ஓர் இடம் எவ்வளவு நகரம், எவ்வளவு கிராமம் என்று காட்டும் எண். 1.0, 1.1 நகரம், 10.0 மிகத் தொலைவான கிராமம். கிராமத்தார் பலர் நகர மருத்துவமனையில்தான் பரிசோதிக்கப்படுகிறார்கள். இரண்டையும் கலந்தால் கணக்கு குழம்பும்.

பதில் 2: என் சந்தேகம் கேட்கும் விதத்தில்தான். மூன்று கேள்வி, 0 முதல் 12 வரை மதிப்பெண். தாளில் தானே நிரப்பினால் உண்மை வர வாய்ப்பு அதிகம். நர்ஸ் திரையைப் பார்த்தபடி "அதிகம் குடிக்கறதில்லையே?" என்றால் "இல்லை" என்றுதான் பதில் வரும். எல்லாரும் எல்லாரையும் அறிந்த சின்ன ஊரில் சொல்லவே வேண்டாம். இன்னொன்று, தினம் ஒரு கிளாஸ் குடிக்கும் ஆண், எவ்வளவு அடிக்கடி குடிக்கிறீர்கள் என்ற முதல் கேள்வியிலேயே 4 வாங்கி நேர்மறையாகிவிடுவார். மற்ற இரண்டும் 0 என்றால், சமீப மாதங்களில் குடித்த அளவை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். பெண்களுக்கு வரம்பு 3.

பதில் 3: விகிதத்தை விடுங்கள், 5 அல்லது அதற்கு மேல் வாங்கியவருக்கு ஆலோசனை கிடைத்ததா பாருங்கள். வெறும் டிக் போதாது. குறிப்பில் அளவு, அறிவுரை இரண்டும் இருக்க வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவரிடம் "இன்றே நிறுத்துங்கள்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், மருத்துவமனையோ வெகுதூரம்.