ஐவ்ஸின் இரண்டாம் சிம்பொனி: அந்தக் கடைசி கார்டு எந்த ஆண்டினது?

ஒலிக்கூடம்:
அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸ் பன்னிரண்டு சுரங்களில் பதினொன்றை ஒருசேர முழக்கும் கார்டுடன் (chord, சுரக்கூட்டு) தமது இரண்டாம் சிம்பொனியை 1902இலேயே முடித்துவிட்டார் என்றும், உலகிலேயே முதலில் அப்படிச் செய்தவர் அவரே என்றும், பிற்காலத்தில் நவீன இசையின் முன்னோடியான ஷோன்பெர்க் அப்போது இன்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வாக்னரின் நிழலில்தான் இருந்தார் என்றும் டான்பரி அன்பன் நேற்று வேறோர் இழையில் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 1902இல் அந்தக் கார்டு அங்கே இல்லை. அந்தச் சிம்பொனி முதலில் எல்லாரும் எதிர்பார்க்கும்படி எஃப் மேஜர் என்ற இணக்கமான சுரக்கூட்டில்தான் முடிந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, அரங்கேற்றத்துக்கும் அச்சுக்கும் ஸ்கோர் (இசைக்குறிப்பு ஏடு) தயாரான காலத்தில்தான், எழுபத்தைந்து வயதை ஒட்டிய ஐவ்ஸ் அந்த முடிவை மாற்றினார். 1951 பிப்ரவரி 22 அன்று நியூயார்க்கின் கார்னகி அரங்கில் இசைக்குழு நடத்துநர் பெர்ன்ஸ்டைன் நடத்திக் கேட்டது மாற்றப்பட்ட முடிவைத்தான். இதை மறைத்துவிட்டு ‘உலகிலேயே முதலில்’ என்று முழங்குவது ஆய்வாகாது.

டான்பரி அன்பன்:
ஐயா, ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பையே சந்தேகத்தில் நிறுத்தப் பார்க்கிறீர்கள். அவருடைய தந்தை ஜார்ஜ் ஐவ்ஸ் சொந்த ஊரான டான்பரியில் பேண்டு வாத்தியக் குழு நடத்தியவர். மகனை ஒரு சுருதியில் பாடவைத்து, வேறொரு சுருதியில் தாம் வாசித்துப் பழக்கியவர். அந்த வீட்டில் வளர்ந்த பையனுக்குச் சுரங்களை மோதவிட ஷோன்பெர்க்கின் அனுமதி தேவைப்படவில்லை. நடனக் கச்சேரியின் கடைசிப் பாட்டு முடிந்ததும் வாத்தியக்காரர்கள் ஆளுக்கொரு சுரத்தை உரக்க வாசித்து நிறுத்துவது அந்தக் காலத்து வழக்கம் என்றும், அதுதான் இந்தக் கார்டு என்றும் விளக்கம் சொல்லப்பட்டதே! வழக்கம் பழையது என்றால் கார்டும் பழையதுதான்.

ஒலிக்கூடம்:
வழக்கம் பழையது என்பதால் மை பழையதாகிவிடாது. நான் கேட்பது அந்தக் கார்டு ஸ்கோரில் எந்த ஆண்டு எழுதப்பட்டது என்பது ஒன்றைத்தான். பதில் 1902 அல்ல.

வயோலா வாசகர்:
இருவரும் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது. ‘இயற்றிய ஆண்டு’ என்பது முதல் கருத்து தோன்றிய ஆண்டா, பென்சில் வரைவு முடிந்த ஆண்டா, ஆர்கெஸ்ட்ராவுக்கான முழு ஸ்கோர் உருவான ஆண்டா, கடைசித் திருத்தம் செய்த ஆண்டா? ஐவ்ஸ் ஒரே படைப்பைப் பல முறை திரும்ப எடுத்து எழுதியவர். நான்கு கேள்விகளுக்கும் நான்கு ஆண்டுகள் விடையாக வரலாம்.

ஒலிக்கூடம்:
அந்த வகைப்பாட்டை ஆராய்ச்சி மாணவர்கள் செய்துகொள்ளட்டும். இங்கே ஒரு பொய்யான ஆண்டு சொல்லப்பட்டது. நான் அதை மறுத்தேன். 1987இல் இசையியலாளர் மேனார்டு சாலமன் அமெரிக்க இசையியல் கழகத்தின் ஆய்விதழில் எழுப்பிய கேள்வியும் இதுதான். கையெழுத்துப்படிகளில் ஐவ்ஸ் பிற்காலத்தில் ஆண்டுகளைச் சேர்த்திருக்கிறார், நவீன ஒலிகளைப் பிறகு புகுத்தியிருக்கிறார், தம்மை முன்னோடியாகக் காட்டிக்கொள்ள விரும்பியிருக்கிறார் என்று அவர் வாதிட்டார். இசையமைப்பாளர் எலியட் கார்ட்டர் கண்ணால் கண்டதையும் சொல்லியிருக்கிறார். ‘நியூ இங்கிலாந்தின் மூன்று இடங்கள்’ என்ற தம் படைப்பின் ஸ்கோரை 1929 வாக்கில் ஐவ்ஸ் திருத்திக்கொண்டிருந்தபோது, இணக்கமாக ஒலிக்கும் சாதாரண ஆக்டேவ்களை, உரசி ஒலிக்கும் ஏழாம், ஒன்பதாம் இடைவெளிகளாக மாற்றி மோதலைக் கூட்டிக்கொண்டிருந்தார் என்பது அந்தச் சாட்சியம்.

டான்பரி அன்பன்:
கார்ட்டரா? பள்ளிப் பருவத்தில் ஐவ்ஸ் வீட்டுக்குப் போய்வந்து, ஹார்வர்டில் சேர அவரிடமே பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு, 1939இல் ஐவ்ஸின் பியானோ படைப்பான கான்கார்டு சொனாட்டாவைக் கிழித்து விமர்சனம் எழுதியவர்தானே? உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவரின் நினைவு உங்களுக்குச் சாட்சியம், ஐவ்ஸின் நினைவு மட்டும் பொய்யா? சாலமனுக்குப் பலர் பதில் எழுதினார்கள். 1990இல் இசையியலாளர் கேரல் பேரன் கையெழுத்தை ஆராய்ந்து, அதே ‘மூன்று இடங்கள்’ படைப்பின் ‘புட்னம்ஸ் கேம்ப்’ பகுதியின் துணிச்சலான இடங்கள் பழைய வரைவிலேயே இருக்கின்றன என்று காட்டினார். அதை ஏன் சொல்லவில்லை? போன ஆண்டு இசையமைப்பாளர் சிபேலியஸ் பற்றிய இழையிலும் உங்களுக்குச் சாதகமான பாதியை மட்டும்தான் எடுத்து வைத்தீர்கள்.

ஒலிக்கூடம்:
சிபேலியஸ் இழையில் நான் எதையும் மறைக்கவில்லை. நீங்கள்தான் பாதியில் போய்விட்டீர்கள். பேரன் எழுதியது ‘புட்னம்ஸ் கேம்ப்’ பற்றி. நாம் பேசுவது இரண்டாம் சிம்பொனி. இசையியலாளர் கெய்ல் ஷெர்வுட் மகீ யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள கையெழுத்துப்படிகளின் தாள் வகைகளையும் கையெழுத்து மாற்றங்களையும் வரிசைப்படுத்தியபோது, பல படைப்புகள் ஐவ்ஸ் சொன்னதைவிடச் சில ஆண்டுகள் பிந்தியவை என்று தெரிந்தது.

வயோலா வாசகர்:
அதே ஆய்வு, ஐவ்ஸ் சொன்ன தேதிகளில் பல ஏறக்குறைய சரி என்பதையும் காட்டியது. திட்டமிட்ட மோசடி என்ற குற்றச்சாட்டை அது பலவீனப்படுத்தியது. அந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

ஒலிக்கூடம்:
நான் மோசடி என்ற சொல்லைப் பயன்படுத்தவே இல்லை. கார்டு 1902இல் இல்லை என்றேன்.

பழைய ரெகார்டு:
எனக்கு ஆண்டைவிட அதை வாசிக்கும் விதம்தான் வருத்தம் தருகிறது. பெர்ன்ஸ்டைனின் ஒலிப்பதிவில் அந்தக் கார்டை இழுத்துப் பிடித்து, கூட்டத்தைச் சிரிக்கவைக்கும் வேடிக்கையாக்கிவிட்டார். கடைசிப் பகுதியில் இசையையே வெட்டியும் இருக்கிறார். டிராம்போன்கள் ‘கொலம்பியா, கடலின் மாணிக்கம்’ என்ற நாட்டுப்பற்றுப் பாட்டை முழங்கும்போது சுற்றிலும் பிடில் மெட்டுகள் பாய்கின்றன. உடனே ராணுவ முகாமின் துயிலெழுப்பும் பியூகிள் ஒலி வருகிறது. அதன் தலையில் அந்தக் கார்டு சட்டென்று அறைந்து நிற்க வேண்டும். கதவைச் சாத்துவது போல ஒரே அடி. அமெச்சூர் இசைக்குழு ஒன்றில் இதை வாசித்தபோது, எங்கள் கண்டக்டரும் ரெகார்டில் கேட்டபடியே நீட்டச் சொன்னார். வில் நுனிக்கு வந்த பிறகும் நிறுத்த விடவில்லை. பியூகிளின் விறைப்பு முழுவதும் அந்த நீட்டலில் கரைந்துபோனது.

டான்பரி அன்பன்:
பெர்ன்ஸ்டைனைக் குறை சொல்வதற்கு முன் யோசியுங்கள். அவர் எடுத்து நடத்தாமல் இருந்தால் அந்தச் சிம்பொனி பெட்டியிலேயே கிடந்திருக்கும். வானொலியில் ஒலிபரப்பைக் கேட்ட கிழவர் ஐவ்ஸ் சமையலறையில் மகிழ்ச்சியில் ஆடினார் என்பது தெரியாதா?

பழைய ரெகார்டு:
அண்டை வீட்டு வானொலியில் கேட்டுவிட்டு, எழுந்து கணப்பில் துப்பி, ஒரு வார்த்தையும் பேசாமல் சமையலறைக்குப் போனார் என்றுதான் அந்த வீட்டார் பின்னாளில் சொன்னார்கள். ஆடிய கதை கேட்க இனிப்பாக இருப்பதால் பரவியது. பெர்ன்ஸ்டைன் அவரைப் படிப்பறியாத நாட்டுப்புறக் கலைஞர் போலக் காட்டியதும் மறக்கக்கூடியதல்ல. யேலில் இசையமைப்பாளர் ஹொரேஷியோ பார்க்கரிடம் முறையாகப் பயின்றவர் ஐவ்ஸ். ஜோனதன் எல்கஸ் பிழைகளைக் களைந்து செம்பதிப்பைத் தந்த பிறகு, கென்னத் ஷெர்மர்ஹார்ன் நாஷ்வில் இசைக்குழுவுடன் செய்த ஒலிப்பதிவைக் கேளுங்கள்.

டான்பரி அன்பன்:
கேட்டிருக்கிறேன். ஒழுங்காக இருக்கிறது, உயிர் இல்லை.

ஒலிக்கூடம்:
துப்பினாரா ஆடினாரா என்பது இந்த இழையின் கேள்வி அல்ல. இப்போதும் ஒருவர்கூட 1902ஆம் ஆண்டுத் தாளில் அந்தப் பதினொரு சுரங்களைக் காட்டவில்லை.

டான்பரி அன்பன்:
காலையில் காப்பீட்டு அலுவலகம், இரவில் இசை என்று பல ஆண்டுகள் எழுதிய மனிதர் அவர். மூன்றாம் சிம்பொனி முதன்முதலில் 1946இல்தான் ஒலித்தது. மறு ஆண்டே அதற்குப் புலிட்சர் பரிசு கொடுத்தார்கள். நான்காவது முழுமையாக ஒலிக்க 1965 ஆனது. அதற்குள் அவர் இறந்து பதினோரு ஆண்டுகள். உலகம் அவரை இவ்வளவு காத்திருக்கவைத்தது. தம் சிம்பொனியின் கடைசிச் சுரத்தைத் தாம் விரும்பியபடி மாற்ற அவருக்கு உரிமை இல்லையா?

ஒலிக்கூடம்:
உரிமை முழுவதும் இருக்கிறது. அப்படியானால் மாற்றினார் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

டான்பரி அன்பன்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் காதில் அது முதலிலிருந்தே இருந்தது என்கிறேன்.

வயோலா வாசகர்:
இதற்காகத்தான் ‘இயற்றிய ஆண்டு’ என்றால் என்னவென்று நேற்றே கேட்டேன்.

ஒலிக்கூடம்:
காதில் இருந்ததற்குத் தாளும் இல்லை, தேதியும் இல்லை. ஸ்கோரில் இருக்கும் கார்டைப் பற்றித்தான் பேசுகிறேன். அது 1902இல் இல்லை.